விருந்தினரும் வீட்டாரும்: 1963, எடின்பரோ

இசை ரசிகர்கள் பலரும் பார்த்திருக்கக்கூடிய பழைய புகைப்படம் ஒன்று உண்டு. மேல்நாட்டு இரவு உடை அணிந்த இளம்பெண்கள் இருவர், சிகரெட் பிடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, குறும்பு ததும்பக் காமிராவுக்குக் காட்சி தருகிறார்கள். ஒருவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. மற்றவர் டி. பாலசரஸ்வதி. முன்னவர் மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916-ல் பிறந்தவர். பின்னவர் சென்னையில் வீணை தனம்மாளின் பேத்தியாக 1918-ல் பிறந்தவர். பெரியவர்களின் கண்காணிப்பிலிருந்து ஒரு மணி நேரம் தப்பிய இருவரின் சிரிப்பு அந்தப் படத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது.

இந்தத் தோழிகள் இருவரும் 1963-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் நடந்த சர்வதேச விழாவில் பங்கேற்றார்கள். அப்போது இருவருமே நாற்பதுகளின் நடுவில் இருந்தார்கள். விழாவின் இயக்குநராக இருந்த ஹேர்வுட் பிரபு அவ்வாண்டு இந்திய இசைக்கும் நடனத்துக்கும் தனி இடம் ஒதுக்கியிருந்தார். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் வந்திருந்தார்கள். தெற்கிலிருந்து ஒருவர் பாடினார், மற்றவர் ஆடினார்.

இதைத் தமிழில் எழுதும்போது 'கடல் கடந்து கொடி நாட்டினார்கள்' என்று எழுதிவிட்டு நிறைவடைவது நம் வழக்கம். பெருமிதத்தில் தவறேதும் இல்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் முக்கியமான கேள்வி ஒன்று கைநழுவிப் போகிறது. கலைவிழா யாரை மேடைக்கு அழைக்கிறது, யாரை வாசலில் நிறுத்துகிறது என்பதே அக்கேள்வி. அதற்கு விடை தேட வேண்டுமானால் எடின்பரோவின் விழாவையும் சென்னையின் மார்கழி விழாவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எடின்பரோ விழா 1947 ஆகஸ்டு 24 அன்று தொடங்கியது. இந்தியா விடுதலை பெற்று ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. போர் முடிந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தும் பிரிட்டனில் ரொட்டிகூடப் பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்த வேளையில் பெரும் இசைவிழா எடுப்பதென்பது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும். விழாவின் முதல் இயக்குநர் ருடால்ஃப் பிங், வியன்னாவில் பிறந்து நாஜிகளால் நாடு துறக்க நேர்ந்தவர். ஒன்றையொன்று அழித்துக்கொண்ட ஐரோப்பா மீண்டும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து இசை கேட்க ஓர் ஊர் வேண்டும் என்பது அவர் எண்ணம். குண்டுவீச்சில் பெரிதும் சிதையாத எடின்பரோ அதற்குப் பொருத்தமாக அமைந்தது. 1938-ல் வியன்னாவை விட்டு வெளியேற நேர்ந்த இசை நடத்துநர் புரூனோ வால்ட்டர், அதே வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு அங்கே மீண்டும் சேர்ந்தார். காத்லீன் ஃபெரியர் பாடினார். இசை நிகழ்ச்சி என்பதையும் தாண்டி அது ஓர் இணக்கச் சடங்காக இருந்தது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அழைப்பு பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. ஊருக்குள் கிடைத்த சிறு அரங்குகளில் அவை நாடகம் போட்டன. ஒரு நாடகம் ஃபோர்த் கழிமுகத்துக்கு அப்பால் டன்ஃபர்ம்லின் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் நடந்தது. மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற எழுத்தாளர் இந்த அழையா விருந்தாளிகளை 'ஃபிரிஞ்ச்', அதாவது ஓரம், விளிம்பு என்ற சொல்லால் குறிப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. இடமும் பணமும் திரட்டிக்கொள்ளக்கூடிய எவரும் நிகழ்ச்சி நடத்தலாம், தேர்வுக்குழு என்று எதுவும் கிடையாது என்பதே ஃபிரிஞ்சின் அடிப்படை விதி. காலப்போக்கில் அளவில் அது மூல விழாவை விஞ்சிவிட்டது. ஆகஸ்டில் அந்நகருக்குச் செல்லும் பயணி இன்று முதலில் எதிர்கொள்வது பெரிய அரங்குகளை அல்ல. கோட்டையிலிருந்து இறங்கும் கல்பாவிய தெருவில் துண்டுப்பிரசுரத்தைக் கையில் திணிக்கும் இளம் நடிகர்களையே அவர் முதலில் காண்கிறார்.

சென்னையின் கதை இருபது ஆண்டுகள் முந்தையது. அதுவும் அரசியலின் நிழலில்தான் பிறந்தது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாதெமி தோன்றியது. தேசம் தன்னைத் தானே ஆளத் தகுதியுடையது என்று நிறுவ முனைந்த தலைமுறை, அதற்கான சான்றுகளில் ஒன்றாகத் தன் செவ்வியல் இசையையும் முன்வைத்தது. ஆண்டு இறுதி விடுமுறையில் கச்சேரிகளும் காலை நேர ஆய்வரங்குகளும் சேர்ந்த விழா மரபானது. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபாவும் பின்னர் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பும், தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் என்று சபாக்கள் பெருகின. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடமில்லை என்ற மனக்குறையிலிருந்து 1943-ல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. அகாதெமியின் சொந்தக் கட்டடத்துக்கு 1955-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1962-ல், இன்று டி.டி.கே. சாலை எனப்படும் மௌப்ரேஸ் சாலையில் அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுதான் நம் தோழிகள் எடின்பரோ சென்றார்கள்.

இந்த வரலாற்றில் நாம் அடிக்கடி விட்டுவிடும் பக்கம் ஒன்று இருக்கிறது. சபா மேடைக்கு வருமுன் அந்த இசை எங்கே இருந்தது? கோயிலில், அரசவையில், செல்வந்தர் வீட்டுக் கல்யாணத்தில் என்று விடை சொல்வோம். சென்னையைப் பொறுத்தவரை இன்னொரு விடையும் உண்டு. ஜார்ஜ் டவுனின் இராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாளின் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே அவர் வாசிப்பார். கேட்க வருபவர்களில் பெரும் வித்வான்களும் இருப்பார்கள். சிறு சத்தத்தைக்கூட அவர் பொறுத்துக்கொள்ளமாட்டார் என்பது பிரசித்தம். பாலசரஸ்வதியின் செவி உருவானது அந்த வீட்டில்தான். அவருடைய தாய் ஜெயம்மாள், மகள் ஆடும்போது பின்னிருந்து பாடுபவர். இசையும் நடனமும் அக்குடும்பத்தில் தனித்தனித் துறைகள் அல்ல, ஒரே உடலின் இரு கைகள்.

சபா மேடை இசையை எளிதில் ஏற்றுக்கொண்டது. நடனத்தை ஏற்கத் தயங்கியது. 1931-ல் கல்யாணி அம்மாளின் மகள்களை அகாதெமி மேடையேற்றியது. அதற்குப் பின்னால் இருந்தவர் இ. கிருஷ்ண ஐயர். சதிர் என்று வழங்கிய கலையின்மீது அன்று படிந்திருந்த இழிசொல்லோடு ஒப்பிட்டால் அது துணிச்சலான செயல். மறு ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் கிருஷ்ண ஐயருக்கும் இடையே பத்திரிகைகளில் காரசாரமான விவாதம் நடந்தது. 1933-ல் பாலசரஸ்வதி அகாதெமியில் ஆடினார். சதிர் என்ற பெயர் மெல்ல மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றதும் அந்த ஆண்டுகளில்தான்.

முத்துலட்சுமி ரெட்டியைக் கலையின் எதிரி என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இன்று சுலபம், ஆனால் அநியாயம். அவரும் அதே குலத்துத் தாய்க்குப் பிறந்தவர். சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தால் விளைந்த துயரை மருத்துவராக நேரில் கண்டவர். அப்பெண்களுக்குப் புகலிடமாக அவர் தொடங்கிய ஔவை இல்லம் அடையாற்றில் நிலைகொண்டது. அதே அடையாற்றில், பிரம்மஞான சபையின் மரநிழலில், 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி முதன்முதலாக ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர் அவர். ஆற்றின் தென்கரையில் அருகருகே இரு வாசல்கள் திறந்தன. ஒன்று, அந்தக் குலத்துப் பெண்களை அந்த வாழ்விலிருந்து மீட்டெடுக்க. மற்றது, அந்தக் கலையைப் பிற குலத்துப் பெண்களிடம் கொண்டுசேர்க்க. இரண்டின் நோக்கமும் உயர்ந்ததே. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் இடைவெளி தெரிகிறது. அக்கலையைத் தலைமுறைகளாகச் சுமந்துவந்த பெண், ஆடுபவளாகவே, மதிப்போடு நிற்பதற்கான வாசல் எது?

1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசித் தடைச் சட்டம் நிறைவேறியது. எடின்பரோ விழா தொடங்கியதும் அந்த ஆண்டுதான் என்பது தற்செயல். ஆயினும் அந்தத் தற்செயலைச் சற்று நின்று யோசிக்கலாம். ஒரு நகரம் சிதறியவர்களை மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு நகரம் ஒரு கொடிய வழக்கத்தை ஒழித்தது, கூடவே ஒரு கலைக் குலத்தின் பழைய முகவரியையும் அழித்தது.

தோழிகள் இருவரும் அக்காலத்தைக் கடந்த விதம் வேறுவேறு. சுப்புலட்சுமி 1940-ல் சதாசிவத்தை மணந்தார். 'சகுந்தலை', 'சாவித்திரி', 'மீரா' என்று திரைப்படங்களில் நடித்தார். மீராவுக்குப் பிறகு நாடு முழுவதும் அவரைப் பக்தியின் குரலாகவே கேட்டது. பாலசரஸ்வதியிடம் அப்படியொரு மாற்று உருவம் இல்லை. அவருடைய ஆசான் கந்தப்பப் பிள்ளை உதயசங்கரின் அல்மோரா மையத்துக்குக் கற்பிக்கச் சென்றவர், 1941-ல் மறைந்தார். நாற்பதுகளில் பாலசரஸ்வதிக்கு மேடைகள் குறைந்தன, உடல்நலமும் ஒத்துழைக்கவில்லை. 1953-ல் அகாதெமியின் ஆதரவில் நடனப் பள்ளி தொடங்கியபின் நிலை மாறத் தொடங்கியது. சிருங்காரத்தைக் கழித்துவிட்டால் நடனம் தூய்மையாகிவிடும் என்ற வாதத்தை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. சிருங்காரமே தலையாய ரசம், அதில் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை என்பதே அவர் நிலைப்பாடு.

1961-ல் டோக்கியோ, 1962-ல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ, 1963-ல் எடின்பரோ. வெளிநாட்டு அரங்குகளில் பாலசரஸ்வதியின் முன் அமர்ந்தவர்களுக்கு அவர் குலமும் தெரியாது, அக்குலத்தின்மீது சென்னையில் நடந்த வழக்கும் தெரியாது. பதத்தின் தெலுங்கும் அவர்களுக்குப் புரியாது. சென்னை சபாக்களில் அமர்ந்திருந்த பலருக்கும்கூட அந்தத் தெலுங்கு முழுமையாகப் புரிந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ் இசை இயக்கம் எழுப்பிய கேள்வியே அதுதான். ஆனால் மொழி தெரியாமல் பார்ப்பது ஒன்று, முன்முடிவோடு பார்ப்பது வேறு. எடின்பரோ பார்வையாளர் அறியாமையோடு வந்தார், முன்முடிவோடு வரவில்லை. மேடையில் நிற்பவர் ஒரு மகாகலைஞர் என்ற அறிமுகம் மட்டுமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இதைக்கொண்டு எடின்பரோ பரந்த உள்ளம் படைத்தது, சென்னை குறுகிய உள்ளம் படைத்தது என்று முடிவுகட்டினால் நாம் ஏமாந்துபோவோம். அதே 1963 விழாவின் இறுதியில், மக்யூவன் மண்டபத்தில் நாடக மாநாடு ஒன்று கூடியது. முந்தைய ஆண்டு அதே மண்டபத்தில் நடந்த எழுத்தாளர் மாநாட்டுக்கு ஹென்றி மில்லரும் வில்லியம் பரோஸும் வந்திருந்ததை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்கலாம். 1963 மாநாட்டின் கடைசி நாளில், 'ஹாப்பனிங்' எனப்படும் திடீர் நிகழ்த்துகலையின் பகுதியாக, ஆடையற்ற இளம்பெண் ஒருவரை மண்டபத்தின் மேல்மாடத்தில் சில விநாடிகள் தள்ளுவண்டியில் வைத்துக் கடத்திச் சென்றார்கள். ஊர் கொதித்தது. அந்தப் பெண்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது, பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். இனி அப்படியொரு மாநாடே வேண்டாம் என்னும் அளவுக்குக் கூச்சல் போயிற்று.

ஆக, ஒரே மூன்று வார காலத்தில் எடின்பரோ இரண்டு விதமாக நடந்துகொண்டது. ஐயாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்து சிருங்காரத்தை அபிநயித்த பெண்ணுக்கு மரியாதை செய்தது. தன் ஊரிலேயே எல்லை மீறிய பெண்ணை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. சென்னையும் அப்படித்தான் நடந்துகொண்டது. மேற்கின் பாலே மேதை அன்னா பாவ்லோவாவை வியந்தது, தன் ஊர்ச் சதிர்க்காரியைக் கண்டு முகம் சுளித்தது. தொலைவிலிருந்து வருபவரின் கலையை மட்டும் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரரின் கலையைப் பார்க்கும்போது அவரது குலம், தெரு, பழைய கணக்கு எல்லாம் கூடவே வந்து நின்றுவிடுகின்றன. விருந்தினரை மதிப்பது எந்த நகரத்துக்கும் எளிது. வீட்டாரை மதிப்பதில்தான் விழாவின் சோதனை இருக்கிறது.

வெளியூர் மெச்சிய பிறகே உள்ளூர் மெச்சும் என்ற புகாரும் நம்மிடையே பழையது. அதையும் சரிபார்த்துவிடலாம். சுப்புலட்சுமிக்குப் பத்மபூஷண் 1954-ல் கிடைத்தது. பாலசரஸ்வதிக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது 1955-லும் பத்மபூஷண் 1957-லும் கிடைத்தன. எடின்பரோவுக்கு முன்பே தேசம் அவர்களை அறிந்திருந்தது. ஆனால் சென்னையின் தலையாய கௌரவமான சங்கீத கலாநிதி சுப்புலட்சுமிக்கு வந்தது 1968-ல். அகாதெமி மாநாட்டுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவரே. பாலசரஸ்வதிக்கு அது 1973-ல் வந்தது. அந்தப் பட்டம் பெற்ற ஒரே நடனக் கலைஞர் அவர். ஒன்றுக்குப்பின் ஒன்று வந்ததாலேயே முந்தையது பிந்தையதற்குக் காரணமாகிவிடாது. எனினும், தொலைவிலுள்ள தில்லி முதலிலும் அருகிலுள்ள சென்னை பிந்தியும் வந்தது என்பதை ஆண்டுகளே சொல்லிவிடுகின்றன.

பாலசரஸ்வதி இதற்கெல்லாம் தன் வழியில் விடை சொன்னார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில் அவர் பரதநாட்டிய நிகழ்ச்சியின் வரிசையைக் கோயிலுக்குள் செல்லும் வழியோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் அடுத்த பெருமண்டபம், வர்ணம் சன்னிதி. பிறகு பதம், அங்கே ஆரவாரம் அடங்கிவிடும். தில்லானா, நிறைவில் ஏற்றும் கற்பூரம். கோயிலில் ஆடும் உரிமையைச் சட்டம் முடித்துவைத்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மரபில் வந்த பெண் ஒருவர், நிகழ்ச்சிக்குள்ளேயே கோயில் இருக்கிறது என்று சபையில் சொல்கிறார். அதில் புகார் இல்லை, ஆனால் உரிமை இருக்கிறது. மறு ஆண்டு சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்து முடித்தார்.

இனி, இன்றைய சென்னைக்கு வருவோம். மார்கழியில் வெளியூரிலிருந்து வரும் ரசிகருக்கு நம் நகரம் எடின்பரோவைப் போலவே காட்சியளிக்கும். கையில் நிகழ்ச்சி நிரல், ஒரு சபாவிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டோ, இடையில் சபா கேண்டீனில் காபி. பகல் கச்சேரிகள் இளைஞர்களுக்கு, பெரும்பாலும் கட்டணமின்றி. மாலை மேடை மூத்தவர்களுக்கு, டிக்கெட்டுடன். இங்கும் வரிசை இருக்கிறது, வரிசையில் ஏறும் வழியும் இருக்கிறது. ஆனால் எடின்பரோவின் அந்த எட்டுக் குழுக்களைப் போல அழைக்கப்படாதவர் வந்து தாமாக மேடை போட்டுக்கொள்ளும் விளிம்பு இங்கே நெடுங்காலம் உருவாகவில்லை. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையையும் கரகத்தையும் தெருக்கூத்தையும் நகரத்துப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. ஆட்சி மாறியபோது நின்றது, 2023-ல் மீண்டும் வந்தது. 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவில், கர்நாடக இசையையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றிய விழா ஒன்று பிறந்தது. பிரம்மஞான சபையின் தோட்டத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஆனாலும் கலை அந்தத் தூரத்தைக் கடக்க எண்பது ஆண்டுகளாயின. விழா சிறியதுதான். டன்ஃபர்ம்லினில் நடந்த நாடகமும் சிறியதாகத்தான் இருந்திருக்கும்.

யுனெஸ்கோ 2004-ல் எடின்பரோவை இலக்கிய நகரம் என்றும் 2017-ல் சென்னையை இசை நகரம் என்றும் அறிவித்தது. இரு நகரங்களும் இப்போது ஒரே பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது விருந்தினருக்கு நல்ல அடையாளம். வீட்டாருக்கு அதைவிடக் கடினமான வேலை காத்திருக்கிறது. டிசம்பர் மாலையில் அகாதெமி வாசலில் கார்கள் வரிசையாக நிற்கும்போது, அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக இரு பெண்களுக்கு, அதுவும் அவர்களைப் போன்ற மேதைகளுக்கே, எத்தனை ஆண்டுகள் ஆயின என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். இன்றைக்கு அதே வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று தேடவும் செய்யலாம். அவர்களில் ஒருவரை என்றாவது ஒருநாள் வேறொரு எடின்பரோ அழைக்கக்கூடும். அதற்கு முன்பாக நாம் அழைத்துவிட்டால் நன்றாக இருக்கும்.